உண்ணும் உணவும் ஊர்க் கிணறும்

நிலமும் நீரும் கெடுவது பற்றிப் பேசுமிடத்து மக்கள் காடழித்தலையும் ஆலைப் புகையையும் நினைப்பர்; அடுப்பில் ஏறும் உணவை நினைப்பவர் சிலரே. எனினும் மக்கள் எதனை விரும்பி உண்கின்றனரோ அதுவே சந்தையில் விலைபோகின்றது. எது விலைபோகின்றதோ அதனையே கமக்காரர் விளைவிக்கின்றனர். எப்பயிர் விளைவிக்கப்படுகின்றதோ அதற்கேற்பவே நிலம் உழப்படுகின்றது, நீர் இறைக்கப்படுகின்றது, பசளை இடப்படுகின்றது. ஆதலால் உணவு மாறுந்தோறும் நிலத்தின் நிலையும் நீரின் நிலையும் மாறுகின்றன. இம்மாற்றம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நிகழ்வதால் எளிதிற் கண்ணிற்படுவதில்லை. கிணற்று நீர் உவர்த்த பின்னரே, அல்லது குடிப்பதற்கு ஆகாதென்று பரிசோதனையில் அறியப்பட்ட பின்னரே அது புலப்படுகின்றது.

இலங்கையின் வரண்ட வலயத்தில், சிறப்பாக யாழ்ப்பாணக் குடாநாட்டில், இவ்வுண்மையைத் தெளிவாகக் காணலாம்.

முன்னாளைய உணவும் அதன் நிலமும்

வரண்ட வலயத்து மக்களின் முன்னாளைய உணவு ஒரு தானியத்தை மாத்திரம் நம்பியதன்று. பெரும்போக மழையில் விளைந்த நெல்லோடு குரக்கன், சாமை, வரகு, தினை, இறுங்கு ஆகிய புன்செய்த் தானியங்களும், பயறு, உழுந்து, எள்ளு ஆகியனவும் உண்ணப்பட்டன. குடாநாட்டிலே பனையிலிருந்து ஒடியலும் புழுக்கொடியலும் பனாட்டும் கிடைத்தன. குரக்கன் பிட்டும் ஒடியற் கூழும் ஏழை வீட்டிலும் செல்வர் வீட்டிலும் இருந்தன.

இப்பயிர்களுட் பெரும்பாலானவை மழையை நம்பி விளைவன. நீர் குறைந்தவிடத்தும் ஓரளவு பலன் தருவன. பனைக்கோ இறைப்பும் இல்லை, பசளையும் இல்லை. தோட்ட நிலத்திலே ஆடுமாடுகளைப் பட்டியடைத்தும், குழைகளையும் பனையோலைகளையும் தாட்டும் மண் வளப்படுத்தப்பட்டது. துலாவினால் நீர் இறைக்கப்பட்டமையால், ஒரு நாளில் இறைக்கக்கூடிய நீருக்கு மனிதனுடைய வலுவே எல்லையாக நின்றது.

அக்காலம் குறையற்ற காலம் என்று கூறுதல் பொருந்தாது. மழை பொய்த்த ஆண்டுகளிற் பசியும் நோயும் இருந்தன, விளைவும் குறைவு. எனினும் அவ்வுணவு முறை நிலத்தடி நீரின் மீது சுமத்திய பாரம் சிறிதாகவே இருந்தது.

உணவு மாறிய வரலாறு

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இலங்கை தனக்கு வேண்டிய அரிசியிற் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்து, முக்கியமாகப் பர்மாவிலிருந்து, பெற்றுவந்தது. 1942 ஆம் ஆண்டு பர்மா யப்பானியர் வசமானதும் அவ்வழி அடைபட்டது. அரிசி பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. குறையை நிரப்பக் கோதுமை மா கொண்டுவரப்பட்டது. போர் முடிந்த பின்னரும் கோதுமை மா நிலைத்துவிட்டது. பாண் நகரத்திலிருந்து கிராமத்துக்கு வந்தது; பிட்டும் உரொட்டியும் இடியப்பமுங்கூடக் கோதுமை மாவினாற் செய்யப்படலாயின. இலங்கையின் காலநிலையிற் கோதுமை வாணிகப் பயிராக விளைவதில்லை. ஆகவே மேசையில் வந்த மாவுக்கு உரிய வயல் கடலுக்கப்பால் இருந்தது. உள்ளூர்க் குரக்கன் நிலம் கைவிடப்பட்டது.

அதே காலத்தில் நெற்செய்கையும் விரிந்தது. பத்தலகொட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய எச்-4 என்னும் நெல்லினம் 1958 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அதன் பின் வந்த புதிய இனங்கள் பசளைக்கு ஏற்ப மிகுந்த விளைவு தந்தன. மூன்று வேளையும் சோறு அல்லது மாவுணவு என்னும் வழக்கம் பெருகியது.

மூன்றாவது மாற்றம் காய்கறிச் சந்தையில் நிகழ்ந்தது. 1970 முதல் 1977 வரை வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. இவை இல்லாமற் கறி இல்லை என்னும் நிலை ஏற்கெனவே உண்டாகியிருந்தமையால் விலை உயர்ந்தது. குடாநாட்டுக் கமக்காரர் செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் பயிரிட்டு நல்ல வருவாய் பெற்றனர். வீடு கட்டினர், பிள்ளைகளைப் படிப்பித்தனர். 1950களிலிருந்து பரவி வந்த நீரிறைக்கும் இயந்திரம் துலாவின் இடத்தைப் பிடித்தது. ஒரே நிலத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பயிர்கள் இடைவிடாது செய்யப்பட்டன. 1977 இன் பின்னர் இறக்குமதி திறக்கப்பட்டபோதிலும் அச்செய்கை முறை மாறவில்லை. நாடு முழுவதிலுமுள்ள கறிச்சட்டிகளின் தேவையைக் குடாநாட்டுக் கிணறுகள் சுமந்தன.

கிணற்றின் இயல்பு

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை மண்ணூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. இந்நன்னீர், கீழேயுள்ள கடல்நீரின் மீது ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. நன்னீர் இலேசானது, உவர்நீர் பாரமானது என்பதே இதற்குக் காரணம்.

இதில் ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும். மறுதலையாக, இறைப்பு மிகுந்து மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்து அந்நிலையிலே நீடிக்குமாயின், கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலேற இடமுண்டாகின்றது. மேலே ஓர் அடியே குறைந்தது என்று கமக்காரர் ஆறுதல் அடைதல் கூடாது. ஒருமுறை உவர்த்த கிணற்றை மீட்பதற்குப் பல ஆண்டு மழை வேண்டும்.

பசளை எங்கே செல்கின்றது?

பயிருக்கு இடும் நைதரசன் முழுவதையும் பயிர் உட்கொள்வதில்லை. பொதுவாக ஏறத்தாழப் பாதியே பயிரைச் சேருகின்றது. எஞ்சியதில் ஒரு பகுதி வாயுவாகி வளியிற் கலக்கின்றது. ஒரு பகுதி நைத்திரேற்றாக மாறி நீருடன் கீழே இறங்குகின்றது.

100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன் உண்டு. அதிற் பாதி, அதாவது 23 கிலோ, பயிராற் கொள்ளப்படாது எஞ்சுகின்றதென்க. அவ்வெச்சத்தில் நான்கிலொரு பங்கு மாத்திரம் நிலத்தடி நீரை அடைந்தாலும் ஏறத்தாழ 25 கிலோ நைத்திரேற்று உண்டாகும். உலக சுகாதார தாபனத்தின் வழிகாட்டலின்படி குடிநீர் ஒரு லீற்றரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. அந்த 25 கிலோ, நைத்திரேற்று சிறிதும் இல்லாத ஐந்து இலட்சம் லீற்றர் நீரை இவ்வெல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது. இரண்டு மூடை யூரியாவின் ஒரு சிறு பங்கு செய்யும் வேலை இது.

வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களுக்கு அண்மையிலுள்ள பல கிணறுகளிலும், கற்பிட்டியின் மணற்றரையிலுள்ள கிணறுகளிலும் இவ்வெல்லையைத் தாண்டிய நைத்திரேற்று காணப்பட்டுள்ளது. பசளையோடு, கிணற்றுக்கு அருகே அமைந்த மலக்குழிகளும் இதற்குக் காரணமாகின்றன. தோட்டக் கிணறும் வீட்டுக் கிணறும் வெவ்வேறாயினும் அவற்றின் அடியிலுள்ள நீர் ஒன்றே என்பதை மறத்தலாகாது.

நைத்திரேற்று மிகுந்த நீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவை வேறுபாடும் இல்லை. அதனைக் கொதிக்கவைத்தல் பயன் தராது. நீர் ஆவியாகிக் குறைய நைத்திரேற்றின் செறிவு கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து உடல் நீலம்பாரிக்கும் நோய் உண்டாகலாம். சிறு குழந்தையுள்ள வீடுகளிற் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தல் இன்றியமையாதது. இதன்பொருட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை பெறலாம்.

சோறும் வயலும்

கிணறு இல்லாத வயல்களிலும் உணவின் சுவடு உண்டு. ஒரு கிலோ நெல்லை விளைவிக்கச் சராசரியாக 2,500 லீற்றர் நீர் வேண்டுமென்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் கணித்துள்ளனர். நீர் தேங்கிய வயலிலே காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மெதேன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. இது வளிமண்டலத்தை வெப்பமாக்குவதிற் காபனீரொட்சைட்டினும் பன்மடங்கு வலியது. மனிதர் செயலால் வெளியாகும் மெதேனில் 8 முதல் 10 வீதம் வரை நெல்வயல்களைச் சார்ந்தது.

இதனாற் சோற்றைக் கைவிடவேண்டும் என்பது பொருளன்று. நெல்லே இந்நாட்டின் முதல் உணவு. ஈர நிலத்துக்கு அதனினும் ஏற்ற பயிர் இல்லை. ஆயினும் விளைந்த நெல்லை வீணாக்காது உண்ண வழியுண்டு. 100 கிலோ நெல்லின் உமியை மாத்திரம் நீக்கினால் 75 கிலோவுக்கு மேல் அரிசி கிடைக்கும். வெள்ளையாகத் தீட்டினால் ஏறத்தாழ 65 கிலோவே எஞ்சும். தவிடு நீக்காத சிவப்பரிசியை உண்பவர், ஒரு துளி நீரும் ஒரு பிடி பசளையும் கூடுதலாகச் செலவிடாமல் அதே வயலிலிருந்து கூடுதலான உணவைப் பெறுகின்றனர். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் ஆகிய பழைய இனங்களும், புதிய இனமாகிய ஏ.ரி. 362 உம் இதற்கு உகந்தன.

கோழித் தீனும் மலைச்சரிவும்

கடந்த சில பத்தாண்டுகளில் இந்நாட்டிற் கோழியிறைச்சி உண்ணும் வழக்கம் பெரிதும் வளர்ந்துள்ளது. கோழியின் எடை ஒரு கிலோ கூடுவதற்குச் சுமார் இரண்டு கிலோ தீன் வேண்டும். தீனின் முக்கிய கூறு சோளம். ஆகவே அநுராதபுரம், மொனராகலை, அம்பாறை முதலிய மாவட்டங்களிற் சோளச் செய்கை விரிந்தது. சரிவான சேனை நிலங்களிற் பற்றைக்காடு வெட்டி எரிக்கப்பட்டுச் சோளம் இடப்படும்பொழுது, முதல் மழையிலேயே மேல்மண் கரைந்து ஓடுகின்றது. அது கீழேயுள்ள குளங்களைத் தூர்க்கின்றது. கோழி வளர்ப்பவருக்கும் குளத்து நீரில் வயல் செய்பவருக்கும் இடையே தொடர்பு இல்லை என்று தோன்றினும், உணவு அவ்விருவரையும் பிணைக்கின்றது.

புரதத்தின் ஒரு பகுதியைப் பயற்றிலிருந்து பெறுதல் இப்பாரத்தைக் குறைக்கும். பயறு, உழுந்து ஆகியவற்றின் நிறையில் நான்கிலொரு பங்களவு புரதமாகும். அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியங்கள் வளியிலுள்ள நைதரசனைப் பயிருக்குச் சேர்ப்பதால் யூரியாவின் தேவை மிகவும் குறைகின்றது.

திடீர் மாற்றம் தீர்வாகாது

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. எனினும் 2021/22 பெரும்போக நெல் விளைவு பெரிதும் வீழ்ந்தது. கமக்காரர் பலர் கடனாளிகளாயினர். 2022 இல் அந்நியச் செலாவணி இல்லாமையாற் கோதுமை மாவும் விலையேறி அரிதாயிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளும் கற்பிப்பன இரண்டு. பசளையை ஒரே நாளில் நிறுத்துதல் இயலாது என்பது ஒன்று. வெளிநாட்டு வயலை நம்பிய உணவு எந்நேரமும் கைவிடக்கூடும் என்பது மற்றொன்று. பயிர் ஒழுங்கையும் உணவு வழக்கத்தையும் படிப்படியாகச் சேர்த்து மாற்றுதலே நிலையான வழி.

கமக்காரர் செய்யத்தக்கவை

வயலில்: பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோகம் தொடங்கு முன்னர் வயல் வெறுமையாகக் கிடக்கின்றது. இவ்விடைப்போகத்தில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு பயறு விதைக்கலாம். ஏக்கருக்கு ஏறத்தாழ 12 கிலோ விதை போதும். 60 முதல் 65 நாட்களில் விளையும். பயறு தேங்கு நீரைத் தாங்காது; ஆதலால் வடிகால் வெட்டி வைத்தல் வேண்டும். காய் பறித்த பின் செடிகளை உழுது புதைத்தால் அடுத்த நெல்லுக்கு அவை உரமாகும். வைக்கோலை எரிக்காது வயலுக்கே திருப்புதல் வேண்டும். இரணைமடு, கட்டுக்கரைக்குளம், உன்னிச்சை போன்ற குளங்களின் கீழ் வயல் செய்பவர், பூக்கும் காலம் தவிர்ந்த ஏனைய நாட்களில் நீர் நிலமட்டத்துக்கு 15 சென்ரிமீற்றர் கீழே இறங்கும்வரை விட்டுப் பின்னர் பாய்ச்சலாம். இதனால் நீர் மிஞ்சும், மெதேனும் குறையும்.

தோட்டத்தில்: வெங்காயத்தின் வேர் ஆழமாகச் செல்லாது. அது விட்டுச்சென்ற நைத்திரேற்றை மழை கீழே கொண்டுசெல்லு முன்னர் வேறொரு பயிர் எடுத்துக்கொள்ளல் வேண்டும். வெங்காயம் கிண்டிய நிலத்திற் பசளையிடாது குரக்கன் நட்டால் அஃது எஞ்சிய உரத்தை உண்டு வளரும். மூன்று, மூன்றரை மாதத்தில் தானியமும் தரும். பசளையை ஒரே தடவையிற் கொட்டாது சிறிது சிறிதாகப் பிரித்திடல் வேண்டும். கூட்டெருவும் தாட்ட குழையும் மண்ணின் ஈரத்தையும் உரத்தையும் பிடித்து வைக்கும். இறைப்பை மாலையில் வைத்துக்கொண்டால் ஆவியாகும் நீர் குறையும்.

வீட்டில்: விளைவிப்பவர் தாமே உண்ணாத பயிருக்குச் சந்தையும் உண்டாகாது. ஒரு குடும்பம் கிழமைக்கு ஒரு கிலோ கோதுமை மாவுக்குப் பதிலாகக் குரக்கன் மாவைக் கொள்ளுமாயின் ஆண்டுக்கு 52 கிலோ வேண்டும். ஏக்கருக்கு 480 கிலோ விளையுமெனக் கொண்டால் ஒரு பரப்பில் 30 கிலோ கிடைக்கும். எனவே இரண்டு பரப்புக்குச் சற்றுக் குறைந்த நிலமே ஒரு குடும்பத்துக்குப் போதும். குரக்கன் மாவைப் பாதியளவு கலந்தும் பிட்டு அவிக்கலாம். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. வெள்ளை அரிசியில் அதன் அளவு மிகச் சிறிது. வளரும் பிள்ளைகளுக்கு இது நல்லுணவு.

சந்தையில்: இந்நாட்டில் விளையும் காய்கறி, பழங்களில் 30 முதல் 40 வீதம் வரை அறுவடைக்குப் பின் பழுதாவதாகக் கணிக்கப்பட்டுள்ளது. பழுதான ஒவ்வொரு மூடையோடும் அதற்கு இறைத்த நீரும் இட்ட பசளையும் பழுதாகின்றன. காய்கறியைச் சாக்கில் இறுக்கி அடையாது கூடைகளில் அடுக்கி அனுப்புதல், வெயிலேறு முன் அறுவடை செய்தல், கிராமத்தவர் பலர் கூடிப் பயிர்களைப் பகிர்ந்து செய்தல் ஆகியன இந்நட்டத்தைக் குறைக்கும்.

சுருக்கம்

1. உண்ணும் உணவு மாறும்பொழுது நிலமும் நீரும் மாறுகின்றன.
2. குடாநாட்டு நன்னீர் கடல்நீரின் மீது மிதக்கின்றது. மேலே ஓர் அடி தாழ்ந்தால் கீழே 40 அடி உவரேற இடமுண்டாகும்.
3. பயிர் உட்கொள்ளாத நைதரசன் கிணற்றை அடைகின்றது. கொதிக்கவைத்தலால் அது நீங்காது.
4. நெல்லுக்குப் பின் பயறும் வெங்காயத்துக்குப் பின் குரக்கனும் செய்தல் நன்று.
5. தவிட்டரிசி, குரக்கன், பயறு ஆகியவற்றை விளைவிப்பவரே முதலில் உண்ணுதல் வேண்டும்.

கிணறு ஒருவருடைய காணியில் இருப்பினும் அதன் நீர் ஊருக்குப் பொது. ஒருவர் மாத்திரம் பயிர் ஒழுங்கை மாற்றினாற் பயன் சிறிது. ஊரவர் சேர்ந்து மாற்றினால் அடுத்த தலைமுறையும் அக்கிணற்றிலே நீர் அள்ளும். விதை பெறும் வழி, பசளையின் அளவு, பயிரிடுங் காலம் ஆகியவற்றைப் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து செய்தல் வேண்டும்.